மாற்றிய மூட்டும் மாறாத நோவும்



சரித்திரம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் நான். போர்களின் காலங்களையும் அரசர்களின் முறைவரிசையையும் முப்பத்தோராண்டுக் காலமாக வகுப்பில் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு போரிலும் காயம்பட்டோர் தொகையைக் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். பிறகு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்தக் காயங்கள் எத்தனை மாதம் நொந்தன என்று நானும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். என் வலப்புற இடுப்பு மூட்டை அறுத்தெடுத்து, அவ்விடத்தில் உலோகமும் பீங்கானும் கொண்ட வேறொரு மூட்டைப் பொருத்திய பின்னரே அந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரிந்தது.

அறுவை நடந்து பதினோராவது வாரம். கைத்தடியை ஊன்றிக் கல்லூரி மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு படிகள். என் புத்தகங்களை வாங்கிக்கொண்ட மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், என் முகம் சுளிப்பதைப் பார்த்து, “ஐயா, தேய்ந்துபோன மூட்டைத்தான் எடுத்துவிட்டார்களே, இனி வலிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, அறிய விரும்பித்தான் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. வலித்ததை எடுத்தெறிந்தாயிற்று; பின் வலிப்பது எது? அன்று மாலை நூல்நிலையத்துக்குச் சென்று தேடத் தொடங்கினேன். அப்படித் தேடிக் கண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இடுப்பு மூட்டின் அமைப்பு எளியது. தொடையெலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கேற்ற ஒரு கிண்ணம். இரண்டின்மீதும் வழுவழுப்பான குருத்தெலும்பு பூசினாற்போல் படர்ந்திருக்கும். அப்பூச்சு தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உராயும். உட்கார்ந்தால் நோவு, எழுந்தால் நோவு, இரவில் புரண்டு படுத்தால் நோவு. தேய்ந்த அச்சாணியை மாற்றுவதுபோல் இதையும் மாற்றினால் என்ன என்ற எண்ணம் பழையது. ஆனால் எதைக்கொண்டு மாற்றுவது?

தந்தத்தைக்கொண்டு மாற்றலாம் என்று கருதினார் பெர்லின் நகரத்து மருத்துவர் தெமிஸ்டொக்ளிஸ் குளுக். 1890-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் யானைத் தந்தத்தில் மூட்டுகளைக் கடைந்து, அவற்றை எலும்பில் பதிக்கப் பிசினும் சுண்ணப்பொடியும் கலந்த ஒருவகைக் காரையையும் அவர் பயன்படுத்தினார். ஆனால் அவருடைய நோயாளிகளிற் பலர் காசநோயால் மூட்டு அழிந்தவர்கள், புண் சீழ்ப்பிடித்தது, முயற்சி தோற்றது. அவருக்குப் பின் 1923-இல் பாஸ்டன் நகரத்தில் மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் என்பார் கண்ணாடியில் ஒரு குமிழ் செய்து பந்தின்மேல் தொப்பிபோல் கவிழ்த்தார். ஒருவர் உடம்பில் நெடுநாள் தங்கிவிட்ட கண்ணாடித் துண்டொன்றை எடுத்தபோது, அதைச் சுற்றி வழவழப்பான சவ்வு வளர்ந்திருப்பதைக் கண்டதுதான் அந்த யோசனைக்கு வித்து. கண்ணாடி உடைந்தது. தம் பல் வைத்தியர் சொன்ன யோசனையின்படி 1938-இல் கோபால்ட்டு கலந்த உலோகத்துக்கு மாறினார். அதே ஆண்டில் லண்டனில் பிலிப் வைல்ஸ் என்பவர் பந்து, கிண்ணம் இரண்டையுமே எஃகில் செய்து பொருத்திப் பார்த்தார். உலக யுத்தம் வந்து அம்முயற்சியை மூடிவிட்டது.

பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள் 1946-இல் பிளாஸ்டிக்கால் ஆன பந்தைப் பொருத்தினார்கள். சில மாதம் நன்றாக இருந்தது; பிறகு தேய்ந்தது, தளர்ந்தது. இந்தப் பந்தைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. இங்கிலாந்தில் இதைப் பொருத்திக்கொண்ட ஒருவர் சாப்பாட்டு மேசையில் முன்புறம் குனியும்போதெல்லாம் இடுப்பு கிறீச்சிட்டதாம். அவர் மனைவியால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. அவரோடு இருப்பதையே தவிர்க்கலானாளாம். இச்செய்தியைக் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். மான்செஸ்டரில் இருந்த ஒரு மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. கிறீச்சிடுகிறது என்றால் உராய்கிறது. உராய்கிறது என்றால் அந்தப் பொருளும் அந்த அளவும் தவறு என்று எண்ணினார். அவர் பெயர் ஜான் சார்ன்லி.

1911-இல் லங்காஷயரில் பரி என்னும் ஊரில் பிறந்தவர் சார்ன்லி. நூற்பாலைகளின் நாடு அது. அங்கே பிறந்தவருக்கு இயந்திரம் அயலான பொருளன்று. விகன் நகருக்கு அருகில், ஒரு காலத்தில் காசநோய் மருத்துவசாலையாக இருந்த ரைட்டிங்டனில் அவர் தம் ஆராய்ச்சியை நடத்தினார். ஒரு நல்ல தச்சனையும் கொல்லனையும் ஒருங்கே பெற்ற மருத்துவர் என்று அவரைச் சொல்லலாம். தொடக்கத்தில் கிண்ணங்களைத் தம் வீட்டுப் பட்டறையிலேயே கடைசல் பிடித்தார். அவர் செய்த முடிவுகள் மூன்று. பந்து சிறிதாக இருக்கவேண்டும். சிறிய பந்து சுழலும்போது உராய்வின் பிடி குறைவு. கிண்ணம் வழுக்கும் பொருளால் ஆகவேண்டும். இரண்டையும் எலும்போடு பிணைக்கப் பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் காரையைப் பூசவேண்டும். ஆனால் இரண்டாவது முடிவில் அவர் முதலில் தேர்ந்தெடுத்த பொருள் அவரை ஏமாற்றிவிட்டது.

அப்பொருள் டெஃப்லான். இன்று தோசைக்கல்லில் ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அதுதான். 1958 முதல் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். முதல் நாட்களின் வெற்றி வியக்கத்தக்கது. ஆண்டுக்கணக்கில் உறங்காதவர்கள் உறங்கினார்கள்; நாற்காலியில் முடங்கியவர்கள் நடந்தார்கள். 1961-இல் இவ்வறுவையைப் பற்றி லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுதினார். எழுதிய சிறிது காலத்திலேயே நோவு திரும்பி வரத் தொடங்கியது. டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள் மூட்டைச் சுற்றிலும் திரண்டு, எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. முந்நூறு பேர்! ஒவ்வொருவரையும் மறுபடி அறுத்து, அந்தத் துகளை வழித்தெடுக்கவேண்டும். அந்த வேலையைச் சார்ன்லி பிறர் கையில் விட்டுவிடவில்லை. தாம் செய்த தவற்றைத் தாமே திறந்து பார்த்தார்.

அத்தோடு நிற்கவில்லை. டெஃப்லான் துகளைத் தம் தொடையில் தாமே செலுத்திக்கொண்டார். சில மாதங்களில் அவ்விடத்தில் கையால் தொட்டால் தட்டுப்படும் கட்டிகள் எழுந்தன. பக்கத்தில் செலுத்திக்கொண்ட வேறொரு பொருளால் அத்தகைய கட்டி எழவில்லை. இதை 1963-இல் மருத்துவ உலகுக்கு எழுதி அறிவித்தார். சரித்திர ஆசிரியன் என்ற முறையில் வீரச்செயல்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். அவற்றிற் பல எதிரியை நோக்கிச் செய்யப்பட்டவை. இது தம் பிழையை நோக்கிச் செய்யப்பட்டது; ஆகையால் இதை நான் அவற்றிலும் மேலாக மதிக்கிறேன்.

அந்த வேறொரு பொருள் எப்படி வந்தது தெரியுமா? 1962-ஆம் ஆண்டு மே மாதத்தில், லங்காஷயர் நெசவு இயந்திரங்களுக்கான பற்சக்கரங்களைச் செய்யும் ஒருவகைக் கெட்டிப் பாலிதீனை விற்கும் பிரதிநிதி ஒருவர் ரைட்டிங்டனுக்கு வந்தார். சார்ன்லியின் சோதனைக்கூடத்தில் ஹாரி கிரேவன் என்ற தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார். அவர் துண்டொன்றை வாங்கிச் சார்ன்லியிடம் காட்டினார். சார்ன்லி அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார், நகம் பதிந்தது, இது ஆகாது என்று போய்விட்டார். கிரேவன் விடவில்லை. ஆசிரியர் வெளிநாட்டு மாநாட்டுக்குச் சென்றிருந்த சமயம் பார்த்து அத்துண்டைத் தேய்மான இயந்திரத்தில் ஏற்றி இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. சார்ன்லி திரும்பி வந்து பார்த்தார். தாம் சொன்னதை மாற்றிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் முதற்கிண்ணம் பொருத்தப்பட்டது. மாணவர்களே, உங்கள் ஆசிரியர் ஆகாது என்று சொன்னதை அவர் ஊரில் இல்லாதபோது செய்து பார்ப்பது சிலசமயம் பயன்தரும். இதை நான் சொன்னதாக வெளியே சொல்லவேண்டாம்.

முன்பு பட்ட அடி சார்ன்லியின் நெஞ்சில் இருந்தது. ஆகவே சில ஆண்டுகள் தம் நோயாளிகளைப் பார்த்துத் தெளியும்வரை பிற மருத்துவர்களுக்கு அந்த மூட்டை விற்கவிடவில்லை; பின்னரும் ரைட்டிங்டனுக்கு வந்து கற்றுக்கொண்டவர்களுக்கே கொடுக்கச் சொன்னார். அறுவைக்கூடத்துக் காற்றையே வடிகட்டிச் சீழ்ப்பிடிப்பதை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகக் குறைத்தார். தாங்கள் இறந்தபின் அந்த மூட்டை எடுத்து ஆராய இசைவு தருமாறு நோயாளிகளையே கேட்டார், பலர் தந்தனர். 1977-இல் சர் பட்டம் பெற்றார், 1982-இல் மறைந்தார். 2007-இல் அதே லான்செட் இதழ் இவ்வறுவையை நூற்றாண்டின் அறுவை என்று போற்றிக் கட்டுரை வெளியிட்டது.

இவ்விடத்தில் கீழ்த்திசைச் செய்தி ஒன்றையும் சொல்லாமற்போனால் என் மனம் கேளாது. 1960-இல் பர்மாவின் மந்தலே நகரத்தில் சான் பா என்ற மருத்துவர், தொடையெலும்பு முறிந்த 83 வயதுப் பௌத்தத் துறவிப் பெண்மணி ஒருவருக்குத் தந்தத்தில் கடைந்த பந்தைப் பொருத்தினார். அந்நாட்டில் உலோக மூட்டைவிடத் தந்தம் மலிவு. பின்வந்த ஆண்டுகளில் முந்நூறு பேருக்கு மேல் அவ்வாறு செய்து, 1969-இல் லண்டனில் தம் அனுபவத்தைப் படித்தார். அவருடைய நோயாளிகள் குந்தி உட்கார்ந்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், சிலர் பந்தும் விளையாடினார்கள். குந்தி உட்கார்ந்தார்கள் என்ற சொற்களை நான் இரண்டு முறை படித்தேன். நாற்காலியில் அமரும் மக்களுக்காகச் செய்யப்பட்டது சார்ன்லியின் மூட்டு. பந்தியில் சம்மணமிட்டு உட்காரக்கூடாது, தாழ்ந்த பலகையில் அமரக்கூடாது, காலைக் குறுக்கே போடக்கூடாது என்று என்னிடம் சொன்னபோது, என் வீட்டுக்கூடமே எனக்கு அயலூராகிவிட்டது.

இவ்வளவும் மூட்டின் சரித்திரம். நோவின் சரித்திரம் வேறு. இரண்டும் ஒன்று என்று எண்ணியதுதான் நான் செய்த தவறு. என் மாணவன் செய்த தவறும் அதுவே.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஞானி டேக்கார்ட் நோவைக் கோயில் மணிக்கு ஒப்பிட்டார். காலில் நெருப்புப் பட்டால் ஒரு கயிறு இழுபடுகிறது; கயிற்றின் மறுமுனையில், மூளையில், மணி அடிக்கிறது. அவர் இறந்த பின் 1664-இல் வெளியான நூலில் இக்கருத்து உள்ளது. மிக அழகிய உவமை. முந்நூறு ஆண்டுகள் மருத்துவ உலகை ஆண்டது. இதன்படி, கயிற்றை இழுப்பவனை அப்புறப்படுத்தினால் மணி ஓயவேண்டும். மூட்டை எடுத்தால் நோவு ஓயவேண்டும். ஓயாவிட்டால்? நோயாளி பொய் சொல்கிறான், அல்லது கோழை.

இந்த உவமையில் விரிசல் கண்டது ஒரு போர்க்களத்தில். 1944-இல் இத்தாலியப் போர்முனையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மயக்க மருந்து நிபுணர் ஹென்றி பீச்சர், கடுங்காயத்தோடு வந்த வீரர்களிடம், நோவு தணிக்க மருந்து வேண்டுமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நான்கில் மூவர் வேண்டாம் என்றனர். அவர்கள் உணர்வு மங்கியவர்களும் அல்லர். அதைவிடச் சிறிய புண்ணோடு ஊரில் அறுவை செய்துகொண்டவர்களோ மருந்து கேட்டுக் கதறினர். வீரனுக்குக் காயம் என்றால் உயிரோடு வீடு திரும்பலாம் என்று பொருள். ஊரில் இருப்பவனுக்குக் காயம் என்றால் வாழ்க்கை குலைந்தது என்று பொருள். புண்ணின் அளவும் நோவின் அளவும் ஒன்றல்ல என்பது அன்று எண்ணிக்கையோடு நிலைநாட்டப்பட்டது.

அதே 1944-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓர் இராணுவ மருத்துவசாலையில் ஜான் பொனிகா என்ற இளைஞர் நோவு தணிக்கும் பொறுப்பை ஏற்றார். இத்தாலிய நாட்டுச் சிறு தீவொன்றில் பிறந்து, பத்து வயதளவில் அமெரிக்கா சென்றவர் அவர். மருத்துவம் படிக்கப் பணமில்லாமல், முகமூடி அணிந்து மல்யுத்தம் செய்தவர். 1941-இல் தம் எடைப்பிரிவில் உலகப் பட்டமும் வென்றவர். கூட நின்று பணிபுரிந்த மருத்துவர்களுக்கு முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று தெரியாது. கை கால் இழந்த வீரர்கள், இல்லாத கால் வலிக்கிறது என்றபோது, பாடநூல்களில் அதற்கு விடை தேடினார். பல்லாயிரம் பக்கங்களில் நோவுக்கென்று ஒதுக்கியவை மிகச் சிலவே. ஆகவே எலும்பு வைத்தியர், நரம்பு வைத்தியர், மன வைத்தியர் ஆகியோரை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசச் செய்தார். 1953-இல் நோவின் சிகிச்சையைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். 1973-இல் நோவை ஆராய்வதற்கென்றே ஒரு சர்வதேச சங்கம் தோன்ற அவரே காரணர்.

இவரை நான் ஏன் இழுத்து வந்தேன் என்றால், மல்யுத்தம் அவருடைய உடம்பைச் சும்மா விடவில்லை. இருபதுக்கு மேற்பட்ட அறுவைகள் அவருக்கு நடந்தன. இடுப்பு மூட்டை ஒருமுறை மட்டுமல்ல, திரும்பத் திரும்ப மாற்றவேண்டியிருந்தது. கையைத் தூக்க முடியவில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை, ஊன்றுகோலோடு நடந்தார். நோவை உலகம் மதிக்கச் செய்த மனிதர் 1994-இல் மறையும்வரை தாமும் நோவோடு வாழ்ந்தார். இதைப் படித்த இரவு, என் வலியைச் சொல்வதற்கு வெட்கப்படுவதை விட்டேன்.

வெட்கப்பட்டேன் என்பதைச் சொல்லியாகவேண்டும். அறுவைக்கு மறுநாட் காலையிலேயே என்னை எழுப்பி நடக்கவிட்டார்கள். சார்ன்லி காலத்தில் வாரக்கணக்கில் படுக்கையிற் கிடந்திருப்பேன். டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் முதலியோர் 1990-களில் தொடங்கிய சீர்திருத்தத்தால் இன்று அந்நிலை இல்லை. முதல் அடி வைத்தபோது, ஆறாண்டுக் காலம் அடித்தொடையின் உட்புறத்தைக் குடைந்த பழைய நோவு அங்கே இல்லை. ஓடிப்போயிருந்தது! அறுபட்ட இடத்தின் புதிய நோவுதான் இருந்தது. உறவினர் எல்லோரிடமும் மகிழ்ச்சியோடு சொன்னேன். ஆறு வாரத்தில் ஓடுவீர்கள் என்றனர். ஆறு வாரம் கழிந்தது. எட்டு வாரம் கழிந்தது. இடுப்பின் வெளிப்புறத்தில் ஒரு வலி நிலைத்துவிட்டது. படியேறினால் சுளீரென்றது; அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. ஊரார் கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்றேன். பயிற்சிகளை மெல்ல மெல்லக் கைவிட்டேன். அசைந்தால் புதிய மூட்டு கழன்றுவிடுமோ என்று அச்சம். பத்தாவது வாரத்தில் ஓர் இளம் மருத்துவர் படத்தைத் தூக்கிப் பார்த்து, மூட்டு அழகாக அமர்ந்திருக்கிறது, வலி உங்கள் மனத்தில்தான் என்று சொல்லி அனுப்பினார். டேக்கார்ட்டின் மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

1965-இல் கனடா நாட்டு ரொனால்டு மெல்சாக், ஆங்கிலேயரான பாட்ரிக் வால் ஆகிய இருவர் டேக்கார்ட்டுக்கு மறுப்பு எழுதினர். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது. கீழிருந்து வரும் நோவுச் செய்தியை அது சிலபோது விடுகிறது, சிலபோது தடுக்கிறது. மேலிருந்து மூளையும் அந்த வாயிலை மூடவும் திறக்கவும் ஆணையிடுகிறது என்பது அவர்கள் கருத்து. முழங்காலை இடித்துக்கொண்ட குழந்தை அவ்விடத்தைத் தேய்த்துக்கொள்கிறதே, தேய்ப்பால் எழும் உணர்ச்சி வாயிலைச் சிறிது சாத்திவிடுகிறது. அச்சமும் உறக்கமின்மையும் அதை அகலத் திறந்துவிடுகின்றன. அக்கருத்தின் சில நுட்பங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நிற்கிறது. அப்படியானால், வலி மனத்திலா, உடம்பிலா என்ற கேள்வியே பிழையானது. பல ஆண்டு வலித்த இடத்தில் அந்த வாயிற்காவலன் பழகிப்போய், சிறு தீண்டலுக்கும் கதவைத் திறந்துவிடுவது உண்டு.

நோவை அளக்கும் முறையும் இதற்கேற்ப மாறியதைக் கவனியுங்கள். 1954-இல் பிரெஞ்சு மருத்துவர் இருவர் இடுப்பு நோயாளியின் நோவுக்கு ஆறுவரை மதிப்பெண் இட்டனர். சார்ன்லி அதைச் சிறிது மாற்றிக் கையாண்டார். 1969-இல் அமெரிக்கரான வில்லியம் ஹாரிஸ் நூறு மதிப்பெண் வகுத்து, அதில் 44-ஐ நோவுக்கே ஒதுக்கினார். ஆனால் மதிப்பெண் இட்டவர் மருத்துவர். தேர்வு எழுதியவனே திருத்துவது போன்றது அது. 1996-இல்தான் ஆக்ஸ்போர்டில் பன்னிரண்டு கேள்விகளைத் தொகுத்து, விடையை நோயாளியே எழுதட்டும் என்று விட்டனர். இந்த மூட்டின் வரலாற்றில் பாலிதீனுக்கு அடுத்த பெருந்திருப்பம் என்று நான் அதைத்தான் சொல்வேன். நோயாளிகளையே கேட்கத் தொடங்கியபின் வெளிவந்த உண்மை என்ன? பல ஆய்வுகளை 2012-இல் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 7 முதல் 23 பேர் வரை, மாதங்கள் பல கழிந்தும் நோவு தீராதவர்கள் என்று தெரிந்தது. நூற்றாண்டின் அறுவை என்ற புகழ் பொய்யில்லை. மிகப் பெரும்பாலோர் நலமாகிறார்கள். இந்தச் சிறுபான்மையோரும் பொய் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவுக்கு 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக நோய்ப் பட்டியலில் தனிப்பெயரே கொடுத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வாரத்தில் வேறொரு மருத்துவரிடம் சென்று, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் முதலில் அஞ்சவேண்டியவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார். காய்ச்சல் உண்டா, வடுவில் நீர் கசிகிறதா, கெண்டைக்கால் வீங்கிற்றா, திடீரென்று காலூன்ற முடியாமற்போனதா என்று கேட்டார், இரத்தம் சோதித்தார், மறுபடி படம் எடுத்தார். இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் பொறுத்துக்கொண்டிருக்கலாகாது, அன்றே வரவேண்டும் என்று சொன்னார். ஒன்றும் இல்லை. பிறகு என்னை இயன்முறை மருத்துவ அம்மையார் ஒருவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மையார் என்னை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். வலக்காலில் நின்றபோது என் இடுப்பு மறுபக்கம் சரிந்தது. “ஐயா, எத்தனை ஆண்டு நொண்டினீர்கள்?” என்றார். ஆறு என்றேன். “ஆறாண்டு வேலை செய்யாத தசையை ஆறு வாரத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறீர்கள். மூட்டைத்தான் மாற்றினார்கள், தசை உங்களுடைய பழைய தசைதானே?” என்றார். என் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வலிப்பது மூட்டன்று. மூட்டைச் சுற்றி அறுபட்டு ஆறிக்கொண்டிருக்கும் தசைநாரும், பட்டினி கிடந்து மெலிந்த தசையும், ஆறாண்டு அலறிப் பழகிய நரம்பும்.

பிறகு செய்தவை பெரிய வித்தைகள் அல்ல. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சி, நாளைக்குப் பத்து முறை தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டியது. நன்றாக இருக்கும் நாளில் மிகுதியாக நடந்து மறுநாள் படுத்துவிடாமல், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு நடந்தது. இதுதான் மிகக் கடினம். வலி ஏறியபின் மாத்திரையைத் தேடாமல், மருத்துவர் சொன்ன அளவில் பயிற்சிக்கு முன்னரே உட்கொண்டது. அவர் நிறுத்தச் சொன்ன வாரத்தில் நிறுத்தியது. இரவில் முழங்கால்களுக்கிடையே தலையணை. மாலையில் துணியிற் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம். கைத்தடியை மானக்கேடாக எண்ணி அவசரமாக வீசாமல், இடுப்புச் சரியாமல் நடக்கும்வரை, நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடித்தது. அதுவரை நோவுள்ள பக்கத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். சரித்திர ஆசிரியனுக்கு நெம்புகோல் தத்துவம் மறந்துபோயிருந்தது.

இவற்றோடு அந்த அம்மையார் ஒரு குறிப்பேடும் எழுதச் சொன்னார். நாள்தோறும் மாலையில் நோவுக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை அடி நடந்தேன், எப்படி உறங்கினேன் என்று மூன்றே வரி. முதல் வாரத்தில் ஏழு, ஏழு, எட்டு, ஆறு, ஏழு. ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் வேறுபாடே தெரியவில்லை, சலிப்பாக இருந்தது. ஐந்து வாரம் கழித்து முதற்பக்கத்தைப் புரட்டியபோதுதான், ஏழு என்ற இலக்கம் மறைந்து ஐந்தும் நான்கும் வந்திருப்பதைக் கண்டேன். நோவில் கிடப்பவன் நேற்றையும் இன்றையுமே பார்க்கிறான். ஆட்சிக்காலம் முழுவதையும் ஏட்டில்தான் பார்க்க முடிகிறது.

இப்போது எட்டு மாதம் ஆயிற்று. கல்லூரியின் இருபத்திரண்டு படிகளையும் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு ஏறுகிறேன். மழை நாளிலும் நெடுந்தூரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த நாளிலும் மூன்று என்று எழுதுகிறேன். மற்ற நாட்களில் ஒன்று, இரண்டு. பூஜ்யம் என்று இன்னும் எழுதவில்லை.

அந்த ஏட்டை இப்போது என் மாணவன் வாங்கிச் சென்றிருக்கிறான். மூலச் சான்று எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமாம். நேற்று வந்து, நான்காவது மாதத்தில் இரண்டு நாள் ஒன்றும் எழுதாமல் விடப்பட்டிருக்கிறதே, ஏடு அழிந்ததா, எழுதியவர் மறைத்தாரா என்று, நான் கற்றுக்கொடுத்த முறைப்படியே என்னை விசாரித்தான். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு நாளும் என் தங்கை மகளின் திருமணத்தில் இருந்தேன். வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு காலையிலிருந்து இரவுவரை நின்றிருந்தேன். எழுத மறந்துவிட்டது.